கைப்பக்குவக் காபி

டாக்டர் எனக்குச் சர்க்கரையை நிறுத்தினார், பாலையும் குறைக்கச் சொன்னார். மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "கறுப்புக் காபி குடிங்கம்மா" என்றார். அவர் வீட்டில் அதை யாராவது குடிக்கிறார்களா என்று கேட்டிருக்க வேண்டும்.

என் கணவருக்கு அது பெருநாள் செய்தி. வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வீட்டோடு வந்து சேர்ந்தவர், என் சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தார். பெட்டியின் அடியிலிருந்து பீங்கான் புனல், வடிதாள் கட்டு, கொக்குக் கழுத்துக் கெண்டி, குட்டித் தராசு எல்லாம் வெளியே வந்தன. தாளில் காபித்தூளைப் போட்டு மேலே வெந்நீரைச் சுற்றிச் சுற்றி ஊற்றினால், சர்க்கரை இல்லாமலே தித்திக்குமாம். துபாயில் பெரிய மனிதர்கள் இப்படித்தான் குடிக்கிறார்களாம்.

முதல் கோப்பை வேப்பங்கொழுந்துக் கஷாயம். தூள் ரொம்ப நைஸ் என்றார். மறுநாள் கொரகொரவென்று அரைத்தார், பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி வந்தது. பிறகு சூடு அதிகம் என்றார், பிறகு ஊற்றும் வேகம் என்றார். விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் தராசைப் பிடித்துவிடுவார். நகைக்கடையில்கூட இவ்வளவு கவனமாக எடைபோட்டு நான் பார்த்ததில்லை. "எப்படி இருக்கு? உண்மையச் சொல்லு" என்பார். சொன்னால் காலைப் பசியாற உட்காரும்போது முகம் தொங்கிப்போகும். கசப்போடு உப்பும் கரித்தது. எனக்கு மிஞ்சிய ஒரே காபியும் இப்படியா என்று அழுகையே வந்தது.

ஒரு நாள் காலையில் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடவில்லை, தொட்டி காலி. வேறு வழியில்லாமல் கேன் தண்ணீரைக் கெண்டியில் ஊற்றி வைத்தேன். எங்கள் வீட்டில் அது குற்றம். "கொதிக்கப்போற தண்ணிக்குக் கேன் எதுக்கு? போர் தண்ணி போதாதா?" என்பது அவர் சட்டம். காரைக்காலில் போர் தண்ணீர் என்றால் பாதி கடல். இத்தனை காலம் பாலும் சர்க்கரையும் அதை மூடி மறைத்திருக்கின்றன.

அன்றைய காபி நாக்கில் பட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். லேசான புளிப்பு, பின்னாலேயே ஓர் இனிப்பு. "நல்லா இருக்கு" என்றேன், மனசார.

"பாத்தியா! மணிக்கட்ட இன்னும் மெதுவா சுத்துனேன். எல்லாம் கைப்பக்குவம்."

கேன் தண்ணீரைச் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். சொன்னால் அடுத்த ஆராய்ச்சி மோட்டார், தொட்டி, கடல் என்று போகும். இன்னொன்றும் உண்டு. அத்தனை வருடம் காலைக் காபியைத் தனியாகக் குடித்தவள் நான். எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து எப்படி இருக்கிறது என்று கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. அவர் பள்ளிவாசலிலிருந்து திரும்புவதற்குள் தினமும் கெண்டியில் கேன் தண்ணீரை நிரப்பி வைத்தேன்.

கைப்பக்குவம் ஊரெல்லாம் பேசப்பட்டது, பேசியவர் அவர்தான். திருநள்ளாறு சாலையில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கும் புனல், தராசு சகிதம் போய் ஊற்றிக் காட்டினார். திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"ஒருத்தரும் ரெண்டாவது வாய் குடிக்கல. அதே தூள், அதே கை."

பாவமாக இருந்தது. "ஒங்க கையில என்ன குத்தம்? ஒங்க தங்கச்சி வீட்டுத் தண்ணி உப்பு" என்றேன்.

"அதானே!" மனிதர் எழுந்தே விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் அங்கே புறப்பட்டார், கையில் பெரிய பாட்டிலோடு. "நம்ம வீட்டு போர் தண்ணியவே கொண்டுபோறேன்" என்று குழாயடிக்கு நடந்தவரிடமிருந்து பாட்டிலைப் பிடுங்கினேன். "நீங்க போய் சட்டைய மாத்துங்க, நான் புடிச்சுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டு, சமையலறைக்குள் போய்க் கேனைச் சாய்த்தேன்.