மூலை வெட்டாத சவ்வு

அவசரக்காரிக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. ஒரு காலில் தன் செருப்பு, மறு காலில் மகளின் செருப்பு என்று மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். "இன்னிக்கு என்ன, ரிசல்ட்டா?" என்று புருஷன் சிரித்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் அப்படித்தான். ரிசல்ட் வரும் நாளில் தலைகால் புரியாது.

உடம்பின் புரோட்டீன்களைத் தேடிப் பிடிக்கிற ஆன்டிபாடியைச் செய்து விற்கும் கம்பெனியில் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. மாடிவீட்டுப் பிள்ளையோ அவள் புரோட்டீன் பவுடர் விற்பதாக நினைத்துக்கொண்டு, "அக்கா, நமக்கு விலை குறைச்சுத் தரக் கூடாதா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பான். அட போடா!

விஷயம் வேறு. செல்லுக்குள்ளே 'வளரு, பிரி' என்று சேதி ஓடிக்கொண்டே இருக்கும். அது எல்லை மீறாமல் 'போதும், நிறுத்து' என்று அதட்டுவதற்கு ஒரு புரோட்டீன் உண்டு. எந்தச் செல்லில் அது இருக்கிறது, எதில் இல்லை என்று பார்க்க ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒரு ஆன்டிபாடி வேண்டும். ஆயிரம் புரோட்டீன்கள் இடித்துக்கொண்டு நிற்கிற கூட்டத்தில் அதை மட்டும் கையைப் பிடித்து இழுத்து வரவேண்டும். பக்கத்தில் நிற்பவனை இழுத்து வந்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

இதற்காக அவள் வருஷக்கணக்கில் மாரடித்திருக்கிறாள். செய்ததெல்லாம் தப்பான ஆளையே பிடித்தன. மேனேஜர் மேடம் கறாராகச் சொல்லிவிட்டாள்: "இதுதான் கடைசி. இதுவும் சொதப்பினா ஃப்ரீசர்ல இருக்கிற செல்லையெல்லாம் கொட்டிட்டு வேற வேலை பார்ப்போம்." அந்தச் செல்கள்தான் ஆன்டிபாடியைச் சுரப்பவை. கொட்டினால் கொட்டினதுதான்.

பரிசோதனை இதுதான். அந்தப் புரோட்டீன் உள்ள செல் ஒன்று, அதை அடியோடு நீக்கிய செல் ஒன்று. இரண்டையும் கரைத்து, ஜெல்லில் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டு, ஒரு வெள்ளைச் சவ்வில் பதித்து, ஆன்டிபாடியில் ஊறவைப்பார்கள். உள்ள பக்கம் கோடு தெரியணும், இல்லாத பக்கம் வெறிச்சென்று இருக்கணும்.

சவ்வைப் படம் பிடித்துக் காட்டும் திரையில் கோடு எழுந்தது. எப்பேர்ப்பட்ட கோடு! மை வைத்து இழுத்த மாதிரி ஒரே கோடு, பிசிறே இல்லை. ஆனால் அது புரோட்டீன் இல்லாத பக்கத்தில் இருந்தது.

மேடம் நேரே ஃப்ரீசர் பக்கம் நடந்தாள்.

"ஐயையோ, மேடம், நில்லுங்க!" அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நான் மூலையை வெட்டல!"

சவ்வுக்கு முன்புறம் பின்புறம் ஒரே மாதிரிதான் இருக்கும். திருப்பிப் போட்டால் இடது வலதாகிவிடும். அதனால் முதல் வேலையாக ஒரு மூலையைக் கத்தரித்து அடையாளம் வைப்பார்கள். புதிதாக வந்தவர்களுக்குக்கூட அது கைப்பழக்கம். நேற்று இருந்த பரபரப்பில் அதைக் கோட்டை விட்டிருக்கிறாள்.

"தோத்தா மட்டும் சவ்வு திரும்பிக்குமா?" என்றாள் மேடம்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அந்தக் கேள்வியில் தப்பில்லையே! சரியான பக்கம் கோடு வந்திருந்தால் மூலையைப் பற்றி யோசித்திருப்பாளா? குதித்திருப்பாள்.

"மறுபடி செய்யலாம் மேடம். நான் கையே வைக்கல. அண்ணன் செய்யட்டும்."

அண்ணன் என்றால் பக்கத்து மேஜைக்காரர், சந்தேகப் பேர்வழி. தண்ணீர் கொதிக்கிறது என்று சொன்னாலும் தெர்மாமீட்டர் கேட்கிற ஆள். அவளுடைய ஆன்டிபாடி எதையும் அவர் இதுவரை நம்பினதில்லை. மேடம் தலையாட்டினாள். அவர் குழாய்களில் தனக்கு மட்டும் புரிகிற குறி வைத்துக்கொண்டார். மூலையை வெட்டிய வேகத்தைப் பார்த்தால் பாதிச் சவ்வே போய்விடும் போலிருந்தது.

மறுநாள் மூவரும் திரை முன்னால் நின்றார்கள். கோடு மெல்ல எழுந்தது. எது எந்தப் பக்கம் என்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் மூலையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், திரும்பவும் மூலையைப் பார்த்தார்.

"அண்ணே, உயிர் போகுது. சொல்லித் தொலைங்கண்ணே!"

"இருக்கிற பக்கம்தான். இல்லாத பக்கம் ஒண்ணுமே இல்ல, சுத்தம்."

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடி வந்தார்கள். மேடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். மேடமும் சிரித்துவிட்டு, "போதும், விடும்மா. உன் செல்லை யாரும் தொட மாட்டாங்க" என்றாள். அவள் உடனே புருஷனுக்குப் போன் போட்டாள்.

"பிடிச்சிடுச்சுங்க!"

"யாரை?"

"வீட்டுக்கு வந்து சொல்றேன், வைங்க!"

திரும்பிப் பார்த்தால் பேர்வழி புது ஜெல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"மறுபடியுமா? இன்னும் என்னண்ணே சந்தேகம்?"

அவர் தலை நிமிரவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"சந்தேகமெல்லாம் இல்லம்மா. இன்னொரு தரம் பார்க்கணும் போல இருக்கு."