எந்தத் துடக்கு?

அந்த நாட்களில் தொலைபேசியை எடுத்தால் மச்சாளின் குரலுக்கு முன்னால் அவளுடைய மூச்சுத்தான் கேட்கும். என் தம்பியின் மனைவி அவள். சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் ஒரே வளவுக்குள்தான் எங்கள் இரண்டு வீடுகளும். கதைக்கத் தொடங்கினால் அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் நிறுத்தமாட்டாள். கொரோனாக் காலத்தில், வயிற்றில் பிள்ளையோடு தொற்றும் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அதே மச்சாள் ஒரு சொல்லைச் சொல்லி, மூச்சை இழுத்து, பிறகுதான் மறு சொல்லுக்கு வந்தாள். "மச்சாள்... ஆட்டுக்கு... குழை போட்டனீங்களோ?" மூச்சுவிட ஏலாமல் கிடப்பவளுக்கு ஆட்டின் கவலை! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

தம்பிக்கும் தொற்றியிருந்ததால் அவனை வேறொரு சிகிச்சை நிலையத்தில் வைத்திருந்தார்கள். நான் தனியாகப் படலையைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தேன். ஆஸ்பத்திரிச் செய்தி முதலில் தம்பிக்குப் போகும், அவனிடமிருந்து எனக்கு வரும். ஒருநாள் காலையில் தொலைபேசி எடுத்தான். மச்சாளுக்கு ஒட்சிசன் கொடுத்தும் போதவில்லையாம். மாதம் நிறையாவிட்டாலும் பிள்ளையை வெளியே எடுத்தால்தான் அவளுடைய நெஞ்சு கொஞ்சம் விரிய இடம் கிடைக்கும் என்று டொக்டர்கள் சொல்லிவிட்டார்களாம். "ரெண்டு பேரையும் காப்பாத்தப் பாக்கிறம் எண்டவை, அக்கா" என்றான். அந்தப் 'பாக்கிறம்' என்ற சொல் என்னைப் பிடித்து உலுக்கியது.

மத்தியானம் மறுபடி எடுத்தான். "அக்கா, துடக்கு வந்திட்டுது. சாமியறையைப் பூட்டுங்கோ." அழுத குரல். நான் வாய் திறப்பதற்குள் இணைப்பு அறுந்துபோனது. திருப்பி எடுத்தால் கிடைக்கவில்லை. எங்களில் பிள்ளை பிறந்தாலும் துடக்கு, ஆள் செத்தாலும் துடக்கு. இரண்டுக்கும் ஒரே சொல், ஒரே விலக்கு. விளக்கேற்றக் கூடாது, கோயில் பக்கம் போகக் கூடாது. கலியாணம் கட்டாமல் பிறந்த வீட்டிலேயே இருப்பவள் என்பதால் தம்பி வீட்டுத் துடக்கு எனக்கும் உண்டு. எரிந்துகொண்டிருந்த விளக்கை நூர்த்துவிட்டுச் சாமியறையைப் பூட்டினேன். அத்தனை நாளும் அம்மாளாச்சியிடம் மன்றாடியவள், மன்றாடியே ஆகவேண்டிய நேரத்தில் கதவுக்கு வெளியே குந்தியிருந்தேன். பிறப்பா, இறப்பா? தாயா, பிள்ளையா? கோபம் தாங்காமல், "எந்தத் துடக்கெண்டு நீயாவது சொல்லணை!" என்று பூட்டிய கதவைப் பார்த்துக் கத்தினேன். பக்கத்து வளவு நாய்தான் பதிலுக்குக் குரைத்தது.

ஒருவழியாகத் தம்பியின் அழைப்பு வந்தது.

"பொம்பிளைப் பிள்ளை, அக்கா. பிறந்த உடன அழுதவளாம்."

"அவள்?"

"இன்னும் கண் முழிக்கேல்ல."

எனக்குப் பாதி உயிர் வந்தது. மறுபாதி வர நாட்கள் பிடித்தன. பிள்ளையைப் பரிசோதித்துவிட்டுத் தொற்று இல்லை என்றார்கள். காய்ச்சலில் வெந்துகொண்டிருந்த உடம்புக்குள் இருந்தவள், அந்த இரத்தத்திலேயே வளர்ந்தவள், ஒன்றும் படாமல் வந்து சேர்ந்திருக்கிறாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி வாய்க்கவில்லை, எல்லாத் தாய்மாரும் வீடு திரும்பவும் இல்லை.

மச்சாள் கண் விழித்துக் கொஞ்சம் தேறிய பிறகு, ஒரு தாதி தன் தொலைபேசியில் வீடியோ அழைப்பு எடுத்து எங்களுக்கு அவளைக் காட்டினார். பிள்ளையை மார்பில் வைத்ததும், முகக்கவசம் போட்டிருந்தும், மச்சாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தன்னுடைய மூச்சு பிள்ளையில் பட்டுவிடும் என்ற பயம். "முகக்கவசம் இருக்குத்தானே, கையும் கழுவிட்டீங்கள். பயப்பிடாமல் பிள்ளையைப் பாருங்கோ அம்மா" என்று தாதி சொல்லச் சொல்ல மெல்லத் திரும்பினாள். பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. என்னையறியாமல் நான் கைகூப்பி நின்றேன். துடக்கு என்ற நினைப்பே வரவில்லை.

அந்தப் பிள்ளை இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறாள். போன கிழமை மச்சாளும் நானும் காயப்போட்ட கருவாட்டைத் திருப்பிக்கொண்டிருந்தோம். இத்தனை வருடமும் கேட்கத் துணியாததை அன்று கேட்டேன்.

"அப்ப என்ன நினைச்சுக்கொண்டு கிடந்தனீங்கள், மச்சாள்?"

அவள் கை நின்றது. வளவுக்குள் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடும் மகளைப் பார்த்தாள். பிறகு, தன்னாலேயே நம்ப முடியாததுபோல் சொன்னாள்:

"எனக்கே மூச்சுப் போதேல்ல, மச்சாள். அதுக்குள்ள இவளுக்கும் குடுத்துக்கொண்டெல்லோ கிடந்திருக்கிறன்."