காலி வீதிக்குக் கடல் வந்த நாவல்

சோதனையின்போது ஒருவரிடமிருந்து ஏதாவது பொருளை எடுத்தால், எடுத்தவர் அதற்குப் பற்றுச்சீட்டு எழுதி, கையொப்பமும் திகதியும் இட்டு, உரியவரிடம் கொடுக்க வேண்டும். அரசாங்கக் கந்தோர்களில் தலை நரைத்தவன் நான். இவ்வளவு தெளிவான விதியை வேறெங்கும் படித்ததில்லை. அதை யாரும் பின்பற்றிப் பார்த்ததுமில்லை.

எடுக்கப்பட்ட பொருள் ஒரு நாவல். தடித்த அப்பியாசக் கொப்பிகளில் பேனையால் எழுதிய ஒரே பிரதி. உரியவர் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு எதிரே இருந்த லொட்ஜில் குடியிருந்தார். அந்த லொட்ஜில் எல்லோரும் ஏதோ ஒரு நாட்டு விசாவுக்குக் காத்திருந்தார்கள். அவர் ஒருவர்தான் எதற்கும் காத்திராமல் நாவல் எழுதிக்கொண்டிருந்தார்.

பகலில் கொட்டாஞ்சேனை அச்சகம் ஒன்றில் புரூவ் பார்ப்பது அவருடைய தொழில். அச்சகத்தின் உயிர் கல்யாணக் கார்ட். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, இயந்திரம் சும்மா கிடக்கும். அந்த மாதங்களில்தான் முதலாளி அவருடைய அழிவு நாவல்களை அடித்துக் கொடுப்பார். ஆகவே மலைநாட்டில் அணை உடைந்தது ஒரு மார்கழியில். துறைமுகத்தில் நச்சுவாயு கசிந்தது ஓர் ஆடியில். அட்டைக்கு மிஞ்சிப்போன கல்யாணக் கார்ட் மட்டைதான். அணை உடைந்து ஊர்கள் அள்ளுண்டு போகும் கதையை மங்கல மஞ்சள் அட்டையில், ஓரத்தில் பொன்னிறக் குத்துவிளக்கோடு படித்தவன் நான். புத்தகக் கடைக்காரர்கள் அவற்றைச் சமயநூல் தட்டில் வைத்தார்கள். அங்கே தேடி வாங்கிய வாசகர் வெள்ளவத்தையில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். அப்படித்தான் அவரோடு பழக்கமும் வந்தது.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. அழிவு என்றால் அளவு சரியாக இருக்க வேண்டும். கடல், காலி நகருக்குப் போகும் காலி வீதிக்கு வருகிற நாவலுக்காக, முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, ரயில் பாதையிலிருந்து மேலே நடந்து ஒவ்வொரு கட்டடத்தின் படிகளையும் அளந்தார். எந்தக் கடை முதலில் மூழ்கும், எந்த மாடியில் ஆட்கள் தப்புவார்கள், மாலை ரயில் எந்த இடத்தில் புரளும் என்று எல்லாவற்றையும் தெருப் பெயரோடு எழுதினார். யுத்த காலம். கொழும்பில் தமிழன் ஒருவன் கட்டடங்களை அளந்து திரிவதைப் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அவருடைய யோசனை முழுவதும் தண்ணீரைப் பற்றியது.

சோதனைச்சாவடியில் பை திறக்கப்பட்டது. கயிறு, கொப்பிகள், தெருப் பெயர்கள். தமிழ் தெரிந்த ஒருவர் வரவழைக்கப்பட்டு, திறந்த பக்கத்தை உரத்து வாசித்தார். அது மாலை ரயில் புரளும் பக்கம்.

ஆளைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று லொட்ஜ் மனேஜர் ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார். நாவலாசிரியருடைய பொலிஸ் பதிவுத் துண்டையும் மஞ்சள் அட்டை நாவல்கள் சிலவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். பொறுப்பதிகாரி மரியாதையான மனிதர். குத்துவிளக்கைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்:

“மஹத்தயா, இது கல்யாண விஷயமா?”

“இல்லை, அணை உடைகிற விஷயம்.”

“இவர் ஏன் எல்லாவற்றையும் உடைக்கிறார்?”

பின்னேரமே ஆளை விட்டார்கள். கயிற்றையும் திருப்பிக் கொடுத்தார்கள். கொப்பிகளை மட்டும் மொழிபெயர்ப்புக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். பற்றுச்சீட்டு கேட்டேன். பற்றுச்சீட்டுப் புத்தகம் முடிந்துவிட்டதாம்.

வரும் வழியில் பஸ்ஸுக்குள் கேட்டேன், “கார்பன் வைச்சு எழுதேல்லையோ?”

“இல்லை அண்ணை.”

“திருப்பி எழுதலாம்தானே?”

“எழுதி முடிச்சா அது என்ர தலையை விட்டுப் போயிடும். நான் வெறுஞ் சட்டி இப்ப.”

இந்த இடத்தில் என் நிலைமையையும் சொல்ல வேண்டும். அந்த நாவலை ஒவ்வொரு அத்தியாயமாக எனக்கு வாசிக்கத் தந்திருந்தார். கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சம். தண்ணீர் இரண்டாம் மாடிக்கு வந்துவிட்டது. லொட்ஜ்காரர்கள் மொட்டைமாடியில் நிற்கிறார்கள். தெருவிலிருந்து ஏறி வந்த சனம் கதவைத் தட்டுகிறது. மாடிக்கு அவ்வளவு பாரம் தாங்காது. பூட்டிய கதவின் திறப்பு மனேஜரின் கையில். அந்த இடத்தில்தான் நாவல் பொலிஸுக்குப் போனது.

“என்ன நடக்குது? அதையாவது சொல்லுமன்.”

“வாயால சொல்ற கதையில்லை அண்ணை அது. வாசிக்க வேணும்.”

எனவே நான் முறைப்பாடு எழுதத் தொடங்கினேன். நீதிக்காகவும்தான். நிலையத்துக்கு ஒன்று, மேலதிகாரிக்குப் பிரதி, அமைச்சுக்கு ஒன்று, அதற்கு நினைவூட்டல், நினைவூட்டலுக்கு நினைவூட்டல், எல்லாம் ஒழுங்கான சிங்களத்தில். “கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது” என்று ஒரு வரி வந்தால், எங்கள் கோப்பின் மேல் இன்னொரு கோப்பை வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். என் மனைவி தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

“எங்கட மகளின்ர விசாவுக்கு ஒரு கடிதம் எழுதப் பஞ்சிப்பட்ட மனுசன். அந்தாள்ர கடலுக்கு ரீம் கணக்கில பேப்பர்.”

நாவலாசிரியருக்கோ எழுத்து ஓடவில்லை. ஒரு தெருப் பெயரை எழுதினால் உடனே வெட்டுவார். மார்கழி வந்தது, இயந்திரம் சும்மா கிடந்தது, கொடுக்க நாவல் இல்லை. நான்தான் சொன்னேன்:

“கொழும்பை அழிச்சாத்தானே கரைச்சல்? செவ்வாயை அழியும். அங்க பொலிஸ் பிரிவு இல்லை.”

கேலியாகச் சொன்னதை அவர் யோசனையாக எடுத்துக்கொண்டார். நானும் கூடக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். முதலாளி பதறிப்போனார்.

“செவ்வாயா? தம்பி, நான் கல்யாணக் கார்டு அடிக்கிறவன். செவ்வாய்னு கொட்டை எழுத்துல புத்தகத்த வச்சா, பொண்ணு வீட்டுக்காரன் படியேறுவானா?”

“அப்ப சனி?” என்றார் இவர்.

“ஏன் தம்பி, நான் ஒனக்கு என்ன கெடுதல் பண்ணுனேன்?”

இப்படித்தான் அவருடைய விஞ்ஞானப் புனைகதைகள் எல்லாம் பெயரில்லாத கிரகங்களில் நடந்தன. அந்தரத்தில் நகரங்கள் வெடித்தன, சூரியன்கள் அவிந்தன. யாரும் அவரை மறிக்கவில்லை. ஆனால் படிகளை அளந்தவருக்கு அங்கே அளக்க ஒன்றுமில்லை. அவருக்கே அது தெரிந்திருந்தது. ஒவ்வொரு புத்தகத்தையும் என்னிடம் தரும்போது, “இது சும்மா, அண்ணை. அது வரட்டும்,” என்பார். தன் பெயர் நிற்குமென்றால் அந்தக் கடலால்தான் நிற்கும் என்று நம்பினார். நானும் நம்பினேன். கடைசி அத்தியாயம் படிக்காமலே.

பிறகு ஒரு நாள் பதிவுத் தபாலில் பொதி வந்தது. என் முகவரிக்குத்தான், முறைப்பாட்டாளர் நான் அல்லவா. பொதியைப் பிரிக்காமல் லொட்ஜுக்குக் கொண்டுபோனேன். கடிதம் சிங்களத்தில். அவருக்குச் சந்தைச் சிங்களம் மட்டும் தெரியும், நான் வாசித்துச் சொன்னேன். விசாரணை முடிவடைந்தது. ஆட்சேபிக்கத்தக்க எதுவும் காணப்படவில்லை. மூலப்பிரதி கோப்பின் பகுதியாகிவிட்டதால் திருப்பித் தரமுடியாது. உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்பின் பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

கீழே தட்டச்சில் முழு நாவல், சிங்களத்தில். அவருடைய எழுத்து வேறொரு மொழிக்குப் போனது அந்த ஒரு முறைதான்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். தாள்களைத் தடவிப் பார்த்துவிட்டு, “கடைசியை வாசியுங்கோ, அண்ணை,” என்றார்.

கட்டில் ஓரத்தில் இருந்து, வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். தட்டுகிற சத்தம். மனேஜர் திறப்பைப் பார்க்கிறார். பாரத்தைக் கணக்குப் பார்க்கிறார். பிறகு கதவைத் திறக்கிறார். சனம் உள்ளே வருகிறது. ஒருவருக்கு மேல் ஒருவராக நிற்கிறார்கள். மாடி தாங்குகிறது.

“நில்லுங்கோ,” என்றார். “திருப்பி வாசியுங்கோ.”

திருப்பி வாசித்தேன்.

“நான் திறக்க விடேல்லை, அண்ணை. திறப்பை அந்தாள் கடலுக்க எறிஞ்சிடும். அதுதான் என்ர முடிவு.”

“இதில திறந்துதான் கிடக்கு.”

“வடிவாப் பாத்தியளோ?”

“அரசகரும மொழிப் பரீட்சை பாஸ் பண்ணினவன் நான், தம்பி. எதிர்மறை ஒண்டும் இல்லை. திறந்தார் எண்டுதான் இருக்கு.”

மொழிபெயர்ப்பாளரின் பெயர் இல்லை. சுருக்கொப்பம் மட்டும். ஒரு பந்தியை மாற்றுவதற்கு எந்தச் சுற்றறிக்கையும் அவருக்கு அதிகாரம் தரவில்லை. இதற்கு மேன்முறையீடு செய்யலாம், நல்ல காரணங்களும் உண்டு என்று சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. ஜன்னலால் ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு, உதட்டுக்குள் ஏதோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். மாடியின் பாரமாக இருக்கலாம்.

“தாங்கும்போலத்தான் கிடக்கு,” என்றார் கடைசியில். “விடுங்கோ. மொழிபெயர்த்த அந்தாள் எழுதினது இருக்கட்டும்.”

நான் மேன்முறையீடு எழுதவில்லை. என் பழைய நினைவூட்டல் ஒன்றுக்கு மட்டும், “கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது” என்று பதில் வந்தது தீபாவளிக்கு முந்தின புதன்கிழமை.