எட்டு மாதப் பொய்

காலை ஏழு நாற்பது பேருந்தில் கால் வைக்கும்போதே அவள் கண் ஒரே ஓர் இருக்கையைத் தேடும். ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது ஜன்னல் இருக்கை கிடைத்தால் அன்றைக்குப் பிழைத்தாள், இல்லையென்றால் தொலைந்தாள். ஏழு வயது மகள் அங்கே உட்கார்ந்து, கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டால், அந்த அதிர்விலேயே லயித்துப் பள்ளிக்கூடம் வரைக்கும் மூச்சுக் காட்ட மாட்டாள். வேறு இடமென்றால் ஒரே அலறல்தான். அப்படி மூன்று முறை ஆகிவிட்டது. "இன்னொரு தடவை கத்துச்சுன்னா பாதி வழியில எறக்கி விட்டுருவேன், ஆமா" என்று நடத்துனர் விரலை ஆட்டியிருந்தார்.

இறக்கிவிட்டால் வேலை போச்சு. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு எட்டரைக்குள் அவள் ஒரு லாட்ஜின் சலவைக்கூடத்தில் நிற்க வேண்டும். படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் தேய்ப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. இருந்து என்ன? இந்த மாதம் இரண்டு நாள் தாமதம். மூன்றாவது நாள் அப்படியே திரும்பிப் போகலாம் என்று மேற்பார்வையாளர் சொல்லியாகிவிட்டது. கணவனா? அவன் லாரியோடு போனவன், மாதம் ஒருமுறை போன் செய்து "நீதான் செல்லம் குடுத்துக் கெடுத்தே" என்று சொல்வதோடு அவன் கடமை முடிந்தது.

முதலில் அவள் உண்மையைத்தான் சொன்னாள். "பிள்ளைக்கு ஆட்டிசம்ங்க, அந்த ஜன்னலோரம் கொஞ்சம் விட்டுக் குடுங்க" என்று கெஞ்சினாள். அடேயப்பா, அதற்குக் கிடைத்த மரியாதை! "அது என்ன, ஒட்டிக்கிற நோயா?" என்று ஒருத்தி தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "முதுகுல ரெண்டு வச்சா எல்லாம் சரியாயிடும்" என்று ஒருவர் மருந்து சொன்னார். "பொறந்ததுலேருந்து செல்போனைக் கையில குடுத்திருப்பே" என்றார் இன்னொருவர். அறிவுரை எல்லோரிடமும் இருந்தது. எழுந்திருக்கத்தான் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

ஒரு நாள் மருந்துக்கடைக்காரர் ஒருவர் அந்த இருக்கையில் இருந்தார். ஐம்பது வயது, முழங்கால் வலிக்காரர். அவர் இரண்டு முறை கூப்பிட்டும் பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை. "ஏம்மா, காது கேக்காதா?" என்றார். அவளுக்கு முந்தின இரவு தூக்கமில்லாத எரிச்சல், பின்னாலிருந்து ஒருத்தன் இடிக்கிற கோபம். "ஆமாங்க" என்றுவிட்டாள்.

அவ்வளவுதான். பேருந்தே உருகிப் போனது. "அய்யோ பாவம், மூக்கும் முழியுமா இருக்கே!" என்று ஒரு குரல். மருந்துக்கடைக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து இடம் கொடுத்தார். மூக்குக் கண்ணாடி போட்ட அம்மா ஒருத்தி பிஸ்கட் கொடுத்தாள். உலகத்தில் இரக்கத்துக்கொன்றும் பஞ்சமில்லை. ஆனால் அதற்குத் தெரிந்த குறையாக இருக்க வேண்டும். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் மறுநாளும் அதையே சொன்னாள். எட்டு மாதம் ஒரே பாட்டு: "பிள்ளைக்குக் காது கேக்காதுங்க, கொஞ்சம் எந்திரிங்க, புண்ணியமாப் போகும்."

அன்று கூட்டம் நெரித்தது. அவள் படியருகே சில்லறைக்குத் துழாவிக்கொண்டிருந்தபோது பிள்ளை கையை உருவிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். போய், மருந்துக்கடைக்காரர் எதிரே நின்று, அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி சொன்னாள்:

"பிள்ளைக்குக் காது கேக்காதுங்க, கொஞ்சம் எந்திரிங்க, புண்ணியமாப் போகும்."

தாயின் அதே இழுப்பு, அதே கெஞ்சல். தண்ணீர் என்றுகூட வாய்திறந்து கேட்காத பிள்ளை. ஒரு வார்த்தையாவது வராதா என்று ஏழு வருடம் ஏங்கிய தாய்க்கு முழு வாக்கியமே வந்துவிட்டது. "என் தங்கமே!" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினாள். பிள்ளை என்ன சொன்னாள் என்பது அப்புறம்தான் உறைத்தது.

மருந்துக்கடைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு அவர் முகம் இறுகியது.

"காது கேக்காத பிள்ளை எப்படிம்மா அச்சு அசலா உன்னை மாதிரியே பேசுது?"

அவள் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எட்டு மாசமா இந்த முட்டிய வச்சுக்கிட்டு நின்னுட்டு வர்றேன். என்னைப் பாத்தா கேனையன் மாதிரி இருக்கா?"

"நான் பெத்ததுங்களுக்குக் கூட கோயில்ல இவ்வளவு வேண்டிக்கல" என்று கண்ணாடிக்கார அம்மா கையை நொடித்தாள். "பிள்ளையை வச்சு நாடகமாடுறாளே, இவ நல்லாயிருப்பாளா?"

"ஆமா, பொய்தான்!" என்று அவள் வெடித்தாள். "உண்மையச் சொன்னப்போ யாரு எந்திரிச்சீங்க? என் பிள்ளை ஒண்ணுதான், நான் சொன்ன பேருதான் வேற. ஒரு பேருக்குப் பிஸ்கட்டு, இன்னொரு பேருக்கு ஏச்சா?"

மருந்துக்கடைக்காரர் முழங்காலைத் தடவிக்கொண்டு அசையாமல் இருந்தார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. அது அவளுக்கும் தெரியும், அதனால் கோபம் இன்னும் ஏறியது. இருக்கை கிடைக்காத பிள்ளை அலறத் தொடங்கினாள். நடத்துனர் விசிலை ஊதினார். தாயும் மகளும் பாதி வழியில் நின்றார்கள்.

உடனே போன் அடித்தது. "எட்டரைக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் உள்ள வராதே" என்று மேற்பார்வையாளர் வைத்துவிட்டார்.

பத்து நிமிடத்தில் அடுத்த பேருந்து வந்தது. புது நடத்துனர், புது முகங்கள். இரண்டாவது ஜன்னலில் ஒரு கல்லூரி மாணவன் இருந்தான், நல்ல முகம். தன் முன்னால் அசையாமல் நின்ற பிள்ளையைப் பார்த்து, "உக்காரணுமா பாப்பா?" என்றான். பதில் வராமல் போகவே தாயைப் பார்த்தான்.

"காது கேக்காதாக்கா?"

தலையை ஆட்டினால் போதும். இடம் கிடைக்கும், வேலை தங்கும். வாய்வரைக்கும் வந்துவிட்டது. பிள்ளை கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதமும் இப்படித்தான், எங்கேயோ பார்த்தபடி, ஓர் எழுத்து விடாமல் கேட்டிருக்கிறாள். பெற்றவள் வாயாலேயே தனக்கு இல்லாத ஒரு குறையைச் சொன்னதைக் கேட்டிருக்கிறாள்.

"நல்லாக் கேக்கும். நாம பேசுறது அத்தனையும் கேக்கும். இவளுக்கு ஆட்டிசம் தம்பி."

"அப்படின்னா?"

"இந்த ஜன்னல் இல்லாட்டி கத்துவா."

மாணவன் சுற்றுமுற்றும் பார்த்தான். இவ்வளவுதானா என்பது போல் ஒரு பார்வை. பிறகு காதில் ஒயரைச் செருகிக்கொண்டு வெளியே திரும்பிவிட்டான்.

அலறல் தொடங்கியது. "வாயைப் பொத்தும்மா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "சனியன், காலங்காத்தால" என்றாள் ஒருத்தி.

அவள் வழக்கமாக இந்த இடத்தில் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்பாள். இன்று ஒரு கையால் கம்பியையும் மறு கையால் மகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் திரும்பினாள்.

"பிள்ளைக்குக் காது கேக்குதுங்க. பாத்துப் பேசுங்க."