மூணு நாப்பதுக்கு முழிக்கிற லேப்டாப்

ஓஎஸ் ஏத்துறது பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. ஆனா உள்ள நுழைய ஒரு வாசலாவது திறக்கணும். சிடி டிரைவ் செத்து, யுஎஸ்பி கையை விரிச்ச பழைய லேப்டாப்போட மல்லுக்கட்டினவங்க யாராவது இதைப் படிச்சா, என் பாடு உங்களுக்கே தெரியும். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில மாடியில ரிப்பேர் கடை வச்சு பதினோரு வருஷமா இதே பாடுதான். இப்ப சொல்லப்போறது ஒரே ஒரு லேப்டாப்பைப் பத்தி.

புதுசா ஆக்கணும்

தங்கம் அக்காவுக்குக் கரமனையில வாடகை வீடு, ஒரு ஹோட்டல் அடுக்களையில வேலை. ஊர் மார்த்தாண்டம் பக்கம். நானும் அந்தப் பக்கம்தான்கிறதால, உரிமையா வந்து மேசையில ஒரு துணிப்பையை வச்சாங்க. உள்ள பழைய லேப்டாப். கல்லாறுல ஒரு பலசரக்குக் கடையில தங்கி வேலை பார்த்த அவங்க வீட்டுக்காரர் வாங்கினது. அவர் நெஞ்சுவலியில போய் எட்டு மாசம் ஆச்சு. அதுக்கப்புறமும் தினம் மத்தியானம் மூணு நாப்பதுக்கு அது தானா ஆன் ஆகுதாம். மகள் ஜெனி அப்பா போன பிறகு நாகர்கோவில்ல ஹாஸ்டல்ல சேர்ந்தவ. லீவுக்கு வந்தப்போ ஒரு தடவை அதைப் பார்த்திருக்கா. அன்னைக்கே பஸ் ஏறினவ, பிறகு வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கல.

"தூக்கிப் போட்டிரலாமே அக்கா"ன்னேன்.

"அவரு தொட்ட சாமான் தம்பி, போட மனசு வரல. உள்ள உள்ளதை எல்லாம் அழிச்சுப் புதுசா ஆக்கித் தாங்க, பிள்ள வீட்டுக்கு வந்தா போதும்."

டிஸ்க் இல்லாம

சிடி டிரைவ் தட்டை வெளிய துப்பிச்சு, எதையும் படிக்கல. பென் டிரைவை எந்தப் பக்கம் செருகினாலும் ஏறிட்டுப் பார்க்கல. இப்படி மாட்டிக்கிட்டா நாங்க செய்றது ஒண்ணுதான்: ஹார்ட் டிஸ்கைக் கழட்டி வேற லேப்டாப்புல மாட்டி, அங்க ஓஎஸ் ஏத்தி, திரும்ப இதுல கொண்டுவந்து மாட்டுறது. கழட்டினேன். பக்கத்து மேசையில டிஸ்கைத் துடைக்கிற வேலை ஓடிட்டு இருந்தது.

சார்ஜர் ஒயரை நான் எடுக்கல. இந்தப் பக்கம் லேப்டாப் கவுந்து, வயிறு திறந்து கிடந்தது. சரியா மூணு நாப்பதுக்கு அதோட ஃபேன் சுத்த ஆரம்பிச்சது. யாரும் தொடல, பவர் பட்டன் அடிப்பக்கம் கிடக்கு. நிமிர்த்திப் பார்த்தேன். கறுப்புத் திரையில டிஸ்க் இல்லைன்னு ஒரே ஒரு வரி, மேல கேமராவோட பச்சை விளக்கு. அந்த விளக்கை எரிய வைக்க உள்ள ஓஎஸ்ஸே கிடையாது. கூட வேலை பார்க்கிற மலையாளி பிஜு டீ கிளாஸைக் கீழ வச்சுட்டு மெதுவாச் சொன்னான்:

"சேட்டா, அதினு டிஸ்க் வேண்டா, கேட்டோ." அதுக்கு டிஸ்கே வேண்டாமாம்.

மணி தெரியாத மெஷின்

ஓஎஸ்ஸுக்கு முந்தியே மெஷினுக்குள்ள இருக்கிற செட்டிங், அதான் பயாஸ், அதைத் திறந்தேன். தானா ஆன் ஆகிற நேரம் 3:40ன்னு யாரோ மெனக்கெட்டுப் போட்டு வச்சிருக்காங்க. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. சாதாரண அலாரம், இதுக்குப் போயி இவ்வளவு பதறினோமேன்னு சிரிப்பு வேற. அதை அணைச்சேன். அதோட விடாம, மணியை ஞாபகம் வச்சுக்கிற பொத்தான் பேட்டரியையும் பிடுங்கிட்டு, அன்னைக்கு ராத்திரி பூரா ஒயரையும் கழட்டிப் போட்டேன்.

மறுநாள் ஒயரை மாட்டி பயாஸைப் பார்த்தா, ஏதோ பழைய வருஷம், ஜனவரி ஒண்ணு, ராத்திரி பன்னெண்டுன்னு காட்டுது. இனி அதுக்கு மணியே தெரியாதுன்னு நிம்மதியா அணைச்சு வச்சேன். எங்க சுவர்க் கடிகாரம் மூணு நாப்பதைத் தொட்டப்போ ஃபேன் சுத்துச்சு. போர்டுல ஏதோ ஷார்ட்டுன்னு பிஜுகிட்ட சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்க்கல.

"ஷார்ட்டுக்கு மணி தெரியுமோ சேட்டா?"

ஜெனி

ஓஎஸ் ஏறிடுச்சு, டிஸ்கைத் திரும்ப இதுல மாட்டினேன். யாரோட லேப்டாப்னு அது பேர் கேட்டப்போ, அக்கா சொன்னபடி ஜெனின்னு அடிச்சேன். ஆனா முழிக்கிறது மட்டும் நிக்கல. பொய் சொல்லி அந்தப் பிள்ளையை வரவழைக்க எனக்கு மனசு ஒப்பல. நானே ஜெனிக்கு போன் போட்டு, எல்லாம் அழிச்சாச்சும்மா, ஆனா இன்னும் முழிக்குதுன்னு உள்ளதைச் சொன்னேன். சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கிட்டு அவளே கடைக்கு வந்துட்டா.

மூணு நாப்பது. ஃபேன் சுத்திச்சு, பச்சை விளக்கு எரிஞ்சது, திரையில ஜெனின்னு அவ பேர். தங்கம் அக்கா சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டாங்க. ஜெனி திரும்பவும் ஓடப் போறான்னு நான் கதவை மறிச்சு நிக்கேன். அவ ஓடல. கலைஞ்ச முடியை ஒதுக்கிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, கேமராவுக்கு நேரா உக்காந்தா. பிளஸ் டூ படிச்சப்போ, ஸ்கூல் விட்டு வந்ததும் மகள் முகத்தைப் பார்க்கணும்னு அப்பா தினம் இந்த நேரத்துக்குக் கல்லாறுல இருந்து வீடியோ கால் பண்ணுவாராம். தானா ஆன் ஆகிற மாதிரி வச்சதே அவர்தானாம். இதையெல்லாம் அந்த விளக்கைப் பார்த்துக்கிட்டேதான் சொன்னா.

"நான் பேய்க்குப் பயந்து வராம இருக்கேன்னு அம்ம நெனைக்கா. கடைசி நாளும் அப்பா கூப்பிட்டாரு அண்ணே. மணி அடிக்கிறதைப் பாத்துக்கிட்டே இருந்தேன், எடுக்கல."

இத்தனை வருஷத்துல நான் துடைச்ச டிஸ்குல எது எது அழிஞ்சுதுன்னு கேட்டா கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன், எது அழியலைன்னு கேட்டா மட்டும் பிஜு பக்கம் கையைக் காட்டிருவேன், டிஸ்க் வேண்டாம்னு முதல்ல சொன்னவன் அவன்தானே.