புளியமரத்தில் தூளி

பேத்தியின் படப்புத்தகத்தில், இரையோடு திரும்பும் தாய்ப் பெங்குயின் குரலை வைத்தே தன் குஞ்சைக் கண்டுபிடிக்கிறது. அதற்கு மேல் என்னால் படித்துக்காட்ட முடியவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் அம்மா பெருமுக்கல் பக்கம் நடவுக்குப் போவாள். வரப்போரப் புளியமரத்தில் ஏழெட்டுத் தூளிகள் தொங்கும். எந்தக் குழந்தை அழுகிறதோ அதன் தாய் மட்டும் கரையேறிப் பால் கொடுக்கலாம். மற்றவர்களை மேஸ்திரி விடமாட்டார்.

ஒருநாள் கைக்குழந்தையான தங்கைக்குக் காய்ச்சல். தூளியை ஆட்டிய எனக்கு ஆறு வயது. காலையெல்லாம் முனகியவள் உச்சிப்பொழுதில் அடங்கிவிட்டாள்.

"இன்னாடி, பாப்பா சத்தத்தையே காணோம்?" என்று சேற்றிலிருந்து அம்மா கேட்டாள்.

"தூங்கிக்கினு இருக்குதும்மா."

"உன் சின்னப் பொண்ணுக்கு இன்னிக்குத்தான் புத்தி வந்துருக்குது," என்றாள் பக்கத்தில் நட்டவள். அம்மாவும் சிரித்துவிட்டுக் குனிந்தாள்.

பொழுது சாய்ந்து கரையேறியவள் தூளிக்குள் கைவிட்டாள். உடம்பு குளிர்ந்து விறைத்திருந்தது. தங்கையை எடுப்பதற்கு முன் அவள் என்னைத்தான் பார்த்தாள்.