மூன்றாவது பெயர்

இதில் ஒரு வரிகூட நான் கூட்டிச் சொன்னது இல்லை. பயத்தில் ஒன்றிரண்டு விஷயம் விட்டுப்போயிருக்கலாம், அவ்வளவுதான்.

முதலில் படகைச் சொல்லிவிடுகிறேன். கிள்ளைக்குக் கிழக்கே, அலையாத்திக் காட்டுக்குள் ஒரு கிளை வாய்க்கால். கரையோரக் கம்பில் என் சின்னப் படகை முன்கயிற்றால் கட்டியிருந்தேன். தண்ணீர் வற்றுகிற நேரம். ஓட்டம் கடலை நோக்கி. அப்படியானால் படகு கம்பிலிருந்து கடல் பக்கமாக நீண்டு கிடக்க வேண்டும். ஓடுகிற தண்ணீரில் கட்டிப்போட்ட எதுவும் அப்படித்தான் கிடக்கும். என் படகு எதிர்ப்பக்கம், காட்டைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தது. கயிறு விறைத்து நின்றது.

நான் செம்மண்டலத்துக்காரன். ஒரு மரம் நடும் திட்டத்துக்காக இந்த வாய்க்கால்களில் உப்பு அளப்பது என் வேலை. பள்ளமான இடத்தில் கடல்நீர் புகுந்தால் வெளியேற வழியில்லை. வெயில் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை விட்டுவைக்கும். செடி கருகும். அதனால் மீன்முள் மாதிரி கிளைகிளையாக வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். ஏற்றத்தில் நீர் வரும், வற்றும்போது போகும். போகிற வேகத்தில் வாய்க்கால் வாயில் சேறுதான் மிஞ்சும். அதற்குள் வெளியே வராவிட்டால் இரவு முழுக்க உள்ளேதான்.

இந்த வாய்க்கால்கள் சேருகிற பெரிய உப்பங்கழியில் இருசம்மாளும் குப்புவும் இறால் தடவுவார்கள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார்கள். பிடித்ததைப் போட ஒரு பறி. அந்தக் கூடையின் கயிறு பல்லில் இருக்கும். வாய் திறக்க முடியாது. அதனால் அங்கே ஒரு முறை உண்டு. வேலை முடிந்ததும் கரையில் இருப்பவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிடப்பட்டவர் தண்ணீரை ஒரு தட்டு தட்டிவிட்டு ஏறுவார். பெயர் வராமல் ஏறக் கூடாது.

தினமும் கூப்பிடுவது இருசம்மாளின் புருஷன் பக்கிரி. மூன்று பெயர் கூப்பிடுவார், கடைசியாக வெண்மதி. அந்த மூன்றாவது பெண்ணை நான் பார்த்ததில்லை. வளைவுக்கு அப்பால் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று பக்கிரி பண்ருட்டிக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார். அவர் மச்சான் விஜயகுமார் கரையில் நின்றான்.

"நல்லா சத்தமா கூப்புடுடா. பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி முணுமுணுக்காத" என்று குப்பு சொல்லிவிட்டுத்தான் கயிற்றைக் கவ்வினாள்.

சாயங்காலம் நான் உப்பு அளந்துகொண்டிருந்தபோது அவன் குரல் கேட்டது.

"குப்பூ..."

சளப்.

"இருசம்மா..."

சளப்.

அவர்கள் படகு கிளம்பிப் போகும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. காட்டில் நான் ஒருவன்.

சளப்.

என் வாய்க்காலிலிருந்து...

எதிரொலி என்று நினைத்தேன். எதிரொலி இவ்வளவு நேரம் காத்திருக்காது. படகுக்குத் திரும்பி வந்தேன். அப்போதுதான் அது தவறான பக்கம் கிடந்ததைப் பார்த்தேன்.

காற்றா? ஓர் இலைகூட அசையவில்லை. சுழலா? ஓர் இலையைப் பறித்துப் போட்டேன். நேராகக் கடல் பக்கம் போனது. தண்ணீர் சரியாகத்தான் ஓடியது.

ஏறிக் கயிற்றை அவிழ்த்தேன். படகு காட்டுக்குள் நகர்ந்தது... ஓட்டத்துக்கு எதிராக.

கோலை ஊன்றித் தள்ளினேன். நிற்கவில்லை.

சளப். இன்னும் அருகில்.

படகின் பின்னால் ஒரு பறி மிதந்தது. ஓட்டத்தில் போகாமல், நின்ற இடத்தில். அதன் கயிறு நேராகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது.

இழுபட்டு... விறைப்பாக.

கரையோரச் சேறு தெரிய ஆரம்பித்தது. பக்கிரிக்குப் போன் போட்டேன். பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல்.

"அண்ணே, படகு உள்ள இழுக்குது."

"தண்ணி தட்டுற சத்தம் கேட்டுச்சா சார்?"

"கேட்டுச்சு."

"விஜயகுமாரு எத்தினி பேரு கூப்புட்டான்?"

"ரெண்டு."



"மூணாவது பேர நீங்க கூப்புடுங்க சார். ஏறச் சொல்லுங்க."

பறியைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

"வெண்மதீ... ஏறும்மா..."

சளப்.

பறி இல்லை. படகு மெல்லத் திரும்பியது. ஓட்டம் அதை எடுத்துக்கொண்டது. வாய்க்கால் வாயில் அடி சேற்றில் உரச உரச வெளியே வந்தேன்.

மறுநாள் இருசம்மாள் சொன்னாள். வெண்மதி அவள் ஓரகத்தி. இரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் தாமதமாக வந்து, வளைவுக்கு அந்தப் பக்கம் தனியாக இறங்கியிருக்கிறாள். கரையில் இருந்தவர் பார்க்கவில்லை. தண்ணீரில் இறங்கியதாகத் தெரிந்தவர்களை மட்டும் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தண்ணீர் வற்றியது, கால் சேற்றில் புதைந்தது. இரவில் ஏற்றம் வந்தது. நான் படகு கட்டியிருந்த அதே கிளை வாய்க்காலில்தான் பிணமாகக் கிடைத்தாளாம்.

"கத்தியிருக்கலாமே" என்றேன்.

"கவுறு பல்லுலயே இருந்திச்சி சார். பேரு வரும்னு நின்னிருக்கா."

"எங்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா நீங்க அதுக்கும் ஒரு காரணம் சொல்லுவீங்க."

என்னிடம் காரணம் இல்லை. வழி மட்டும் இருக்கிறது. கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் வெண்மதியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். தண்ணீர் தட்டுகிற சத்தம் கேட்கும்வரை காத்திருக்கிறேன். அதன் பிறகு படகு சரியான பக்கம் திரும்பிவிடுகிறது.